ஆண்மை டப்பாவில் இல்லை!

அண்ணனூர் ரெயில் நிலையம். இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்கள் மின்சார ரெயிலில் இருந்து இறங்குகிறார்கள். தோளில் சாப்பாட்டுப் பை. கண்ணில் தூக்கம். கையில் செல்போன்.

அந்த செல்போனில் ஒரு விளம்பரம் ஓடுகிறது.

"களைப்பாக இருக்கிறதா? உங்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டது! எங்கள் மாத்திரையைச் சாப்பிடுங்கள். முப்பதே நாளில் சிங்கம் ஆவீர்கள்!"

இப்படிப்பட்ட விளம்பரத்தைப் பார்க்காத வாலிபர் இன்று யாரும் இல்லை. பார்த்தவர் யோசிக்கிறார். "நமக்கும் களைப்பாகத்தானே இருக்கிறது?" என்று நினைக்கிறார். வீட்டுக்குத் தெரியாமல் ஒரு டப்பா வாங்குகிறார். மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு போய்விடுகிறது.

அவருடைய களைப்பு உண்மை. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் என்ன? அந்த டப்பாவுக்குள் இருப்பது என்ன? அது உடம்புக்கு நல்லதா, கெட்டதா?

இவற்றை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையைப் பெற்ற தாயும், அவனுக்கு வாழ்க்கைப்பட்ட மனைவியும்கூடத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பதைக் கட்டுரையின் முடிவில் பார்ப்போம்.

போலீஸ்காரர்களின் சிறுநீர்!

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஒரு ஹார்மோன். அதாவது, உடம்புக்குள் ஊறி ரத்தத்தில் கலக்கும் ஒரு சுரப்பு.

ஆண் பிள்ளைக்கு மீசை முளைப்பது இதனால்தான். குரல் உடைவதும் இதனால்தான். தசை வளர்வது, எலும்பு உறுதிப்படுவது, பிள்ளைப் பேற்றுக்கான அணு உண்டாவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. பெண்கள் உடம்பிலும் இது கொஞ்சம் இருக்கிறது.

இந்தச் சுரப்பைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது.

1931-ம் ஆண்டு. ஜெர்மனியில் பியூட்டனாண்ட் என்ற விஞ்ஞானி ஆண்களின் சுரப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பெர்லின் நகரப் போலீஸ்காரர்களின் சிறுநீரைச் சேகரித்தார். ஒரு குடம், இரண்டு குடம் அல்ல. 15 ஆயிரம் லிட்டர்! அத்தனையையும் காய்ச்சி வடித்தார். கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 15 மில்லி கிராம். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு! அது டெஸ்டோஸ்டிரோனின் உடன்பிறப்பான ஒரு பொருள்.

1935-ல் ஆலந்து நாட்டில் லாக்கியர் என்பவரின் குழுவினர், காளை மாட்டின் விரைகளில் இருந்து டெஸ்டோஸ்டிரோனையே பிரித்து எடுத்தார்கள். சுமார் 100 கிலோ விரைகளில் கிடைத்தது 10 மில்லி கிராம்.

அதே ஆண்டில் பியூட்டனாண்டும், சுவிட்சர்லாந்தில் இருந்த ருசிக்கா என்பவரும் இதைச் சோதனைச் சாலையிலேயே செய்துவிட்டார்கள். 1939-ல் இருவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. 100 கிலோவில் 10 மில்லி கிராம் என்றால், இந்தச் சுரப்பு எவ்வளவு சின்ன அளவில் வேலை செய்கிறது! அவ்வளவு நுட்பமான ஒன்றை, வாய் வழியாக ஏதோ ஒரு தூளைக் கரைத்துக் குடித்து ஏற்றிவிட முடியுமா?

தொட்டியும் மிதவையும்

உடம்பு இந்தச் சுரப்பை எப்படி அளவோடு வைத்துக்கொள்கிறது?

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும். குழாய் திறக்கும். தண்ணீர் நிறைந்தால் மிதவை ஏறும். குழாய் மூடிக்கொள்ளும்.

நம் மூளையும் அப்படித்தான். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் மூளை கட்டளை போடுகிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி அந்தக் கட்டளையை விரைகளுக்கு அனுப்புகிறது. விரைகள் சுரக்கின்றன. அளவு நிறைந்ததும் மூளை கட்டளையை நிறுத்திவிடுகிறது.

இப்போது யாரோ ஒருவர் லாரித் தண்ணீரை வாங்கித் தொட்டியில் கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? மிதவை ஏறிவிடும். வீட்டுக் குழாய் மூடிக்கொள்ளும். லாரி தினமும் வந்தால், வீட்டு மோட்டார் ஓடவே ஓடாது. துருப்பிடித்துப் போகும்!

தேவை இல்லாதவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வதும் இதுதான்.

ஊசி போட்டால் பிள்ளை பிறக்குமா?

"ஆண்மை ஊசி போட்டால் பிள்ளை பிறக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிர்!

உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தியது. அதன் முடிவு 1990-ல் வெளிவந்தது. 7 நாடுகளைச் சேர்ந்த 271 ஆண்களுக்கு வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடப்பட்டது. எதற்காக? ஆண்மையைக் கூட்டவா? இல்லை. அது ஆண்களுக்கான கருத்தடை ஆராய்ச்சி!

ஆறு மாதத்துக்குள், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயிரணு அடியோடு நின்றுவிட்டது.

பிள்ளை வேண்டாம் என்பதற்காகச் சோதித்துப் பார்த்த ஊசியை, பிள்ளை வேண்டும் என்பவர் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உயிரணு திரும்பி வருகிறது. அதற்குப் பல மாதம் ஆகும். சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகும்.

ஆவடியில் நடந்தது

நம் பக்கத்திலேயே ஒரு துயரம் நடந்தது.

2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஆவடிப் பகுதியைச் சேர்ந்த ஒரு வாலிபர். தேகப்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுப்பவர். ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். தசை பெருக வேண்டும் என்பதற்காக ஸ்டீராய்டு மருந்துகளை அதிகமாக எடுத்துக்கொண்டார் என்றும், அதனால் சிறுநீரகம் கெட்டு இறந்தார் என்றும் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

ஸ்டீராய்டு என்று ஜிம்களில் சொல்கிறார்களே, அது என்ன? பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோனும் அதன் உறவு மருந்துகளும்தான். அளவு மட்டும் பல மடங்கு.

கை பருக்கிறது. மார்பு விரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது? ரத்தம் தடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. இருதயத் தசை தடிக்கிறது. விரைகள் சுருங்குகின்றன.

இந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் சில இடங்களில் கைமாறுகின்றன. "அண்ணே, ஒரு கோர்ஸ் போட்டால் போதும்" என்று தம்பிகளிடம் ரகசியமாகச் சொல்கிறார்கள்.

ஆவடியும் அண்ணனூரும் உடல் தேர்வுக்கு உழைக்கும் வாலிபர்கள் நிறைந்த ஊர்கள். போலீசில் சேர ஓடுகிறவர்கள் உண்டு. பட்டாளத்தில் சேர ஓடுகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்க வைப்பது ஓட்டம்தான். ஊசி அல்ல.

லேகியம் போய் டப்பா வந்தது

ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் மாத்திரை, தூள் பக்கம் போகிறார்கள்.

இது புதிய வியாபாரம் அல்ல. முன்பு சிட்டுக்குருவி லேகியம் விற்றார்கள். பாவம், அந்தக் குருவி! சின்னப் பறவை, எப்போதும் ஜோடியோடு திரிகிறது என்பதற்காக அதைப் பிடித்து லேகியம் கிண்டினார்கள். பிறகு லாட்ஜ் வைத்தியம் வந்தது. "இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்ன லாட்ஜில் தங்கி இருப்பார்" என்று விளம்பரம் வரும். தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களிலும் அந்த விளம்பரங்கள் வந்தது உண்டு.

இன்று அதே சரக்கு பளபளப்பான டப்பாவில் வருகிறது. மேலே புலிப் படம், இல்லாவிட்டால் சிங்கப் படம். அவ்வளவுதான் வித்தியாசம்.

டப்பாவுக்குள் பெரும்பாலும் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெருஞ்சில்: நீர்க்கடுப்புக்கு நம் பாட்டிமார் கஷாயம் வைத்த அதே நெருஞ்சில். ஆஸ்திரேலியாவில் ரக்பி என்ற பந்து விளையாட்டு வீரர்கள் 22 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் 5 வாரம் நெருஞ்சில் மாத்திரை சாப்பிட்டார்கள். மற்றவர்கள் வெறும் மாத்திரை சாப்பிட்டார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. டெஸ்டோஸ்டிரோன் கூடவில்லை. பலமும் கூடுதலாக வரவில்லை.

அமுக்கரா: வடக்கே அசுவகந்தி என்பார்கள். இதைச் சாப்பிட்ட சில ஆண்களுக்குச் சுரப்பு கொஞ்சம் கூடியதாகச் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் அவை சின்ன ஆராய்ச்சிகள். சில வாரங்களே நடந்தவை. இதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் உண்டு. 2023-ல் டென்மார்க் நாடு இதைத் தடை செய்தது. நம் சித்த மருத்துவத்தில் அமுக்கராவுக்கு இடம் உண்டு. ஆனால் படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லிக் கொடுப்பது வேறு. செல்போனைப் பார்த்து வாங்கிச் சாப்பிடுவது வேறு.

புரதத் தூள்: இது தசைக்கான உணவு. ஹார்மோனுக்கானது அல்ல. நம் நாட்டில் விற்கும் 36 தூள்களைக் கேரளத்து டாக்டர்கள் உள்ளிட்ட ஒரு குழுவினர் சோதித்தார்கள். 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 70 தூள்களில், டப்பா மேல் எழுதி இருந்த புரத அளவு சரியாக இல்லை! சிலவற்றில் பூஞ்சை விஷமும் இருந்தது.

இவற்றை எல்லாம் விட ஆபத்தானது ஒன்று உண்டு. "மூலிகை" என்று எழுதிவிட்டு, உள்ளே சில்டெனாபில் என்ற ஆங்கில மருந்தைக் கலந்துவிடுவது. அமெரிக்க அரசு இப்படிப்பட்ட சரக்குகளைப் பல தடவை பிடித்து எச்சரிக்கை வெளியிட்டு இருக்கிறது. நெஞ்சு வலிக்காக நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொள்ளும் பெரியவர் இதைச் சாப்பிட்டால், ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும். உயிருக்கே ஆபத்து.

ஒரு பீகார் டாக்டரின் கதை

"அப்படியானால் எந்தச் சத்து மாத்திரைக்கும் பலன் இல்லையா?" என்று கேட்கலாம்.

இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

பீகாரில் பிறந்தவர் டாக்டர் ஆனந்த பிரசாத். 1958-ல் ஈரான் நாட்டில் வேலை பார்த்தார். அங்கே அவரிடம் ஒரு நோயாளி வந்தார். வயது 21. பார்த்தால் 10 வயதுப் பையன் போல இருந்தார். மீசை இல்லை. வளர்ச்சி இல்லை. அவர் சாப்பிட்டது ரொட்டியும் மண்ணும். ஆம், மண்ணைத் தின்னும் வழக்கம் அங்கே இருந்தது.

டாக்டர் ஆராய்ந்தார். பிறகு எகிப்து நாட்டிலும் ஆராய்ந்தார். இத்தகைய வாலிபர்களின் உடம்பில் துத்தநாகச் சத்து இல்லை என்று கண்டுபிடித்தார். அந்தச் சத்தைக் கொடுத்ததும் அவர்கள் வளர்ந்தார்கள். மீசை முளைத்தது!

1996-ல் அவர் குழுவினர் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். நல்ல உடல்நிலையில் இருந்த 4 வாலிபர்களுக்கு 20 வாரம் துத்தநாகம் குறைந்த சாப்பாடு கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. சத்துக் குறைந்த முதியவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்தார்கள். ஏறத்தாழ இரு மடங்காகக் கூடியது.

இதில் இருந்து என்ன தெரிகிறது? குறை இருந்தால், குறையைத் தீர்த்தால் பலன் உண்டு. குறை இல்லாதவர் சாப்பிட்டால் பலன் இல்லை. வயிறு நிறைந்தவனுக்கு இன்னொரு இலை போடுவது போல! அதிகமானால் கெடுதியும் உண்டு. துத்தநாகம் அளவு மீறினால், உடம்பில் செம்புச் சத்து குறைந்து ரத்தசோகை வரும்.

வைட்டமின் 'டி' விஷயமும் இதுதான். குறைந்தவருக்கு அவசியம். குறையாதவருக்கு வீண் செலவு.

ரெயிலுக்கும் ஷெட் உண்டு!

அண்ணனூரில் மின்சார ரெயில் பணிமனை இருக்கிறது. ஓடி ஓடிக் களைத்த ரெயில் பெட்டிகள் அங்கே வருகின்றன. பிரேக்கைச் சோதிக்கிறார்கள். மோட்டாரைச் சோதிக்கிறார்கள். பிறகுதான் வண்டி மறுபடியும் ஓடுகிறது.

இரும்புக்கே ஓய்வு வேண்டும். மனிதனுக்கு வேண்டாமா?

டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக ஊறுவது நாம் தூங்கும்போதுதான். அதனால்தான் விடியற்காலையில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தில் இருக்கிறது.

2011-ல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. 10 வாலிபர்கள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 100-க்கு 10 முதல் 15 வரை குறைந்துவிட்டது. ஒரே வாரத்தில்! வயது ஏற ஏற இந்தச் சுரப்பு ஆண்டுக்கு 100-க்கு 1 அல்லது 2 குறைகிறது. அப்படிப் பார்த்தால், ஒரு வாரத் தூக்கக் குறைவு பத்து வயதைக் கூட்டியதற்குச் சமம்.

இப்போது நம் அண்ணனூர் வாலிபரை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ரெயிலை விட்டு இறங்குகிறார். சாப்பிட்டுப் படுக்கும்போது பதினொன்று. பிறகு செல்போன். மணி ஒன்று. காலையில் ஐந்தரைக்கு எழுந்தால்தான் வண்டியைப் பிடிக்கலாம்.

அவர் தூங்கியது நாலரை மணி நேரம். அவரைத் தூங்கவிடாமல் செய்தது செல்போன். அதே செல்போன்தான், "உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டது, மாத்திரை வாங்குங்கள்" என்கிறது! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதான்.

தொப்பை, சர்க்கரை, மது

சுரப்பைக் குறைக்கும் மற்ற எதிரிகள் மூன்று.

முதல் எதிரி தொப்பை. வயிற்றுக் கொழுப்பு சும்மா இருப்பது இல்லை. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியைப் பெண்மைச் சுரப்பாக மாற்றிவிடுகிறது. எடை குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது. எவ்வளவு எடை குறைகிறதோ, அதற்கு ஏற்பக் கூடுகிறது. இதற்குக் காசு வேண்டாம்.

இரண்டாவது எதிரி சர்க்கரை நோய். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்த நோய் உள்ள ஆண்களில் மூன்றில் ஒருவர் வரைக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்து காணப்படுகிறது. சர்க்கரையைக் கவனிக்காமல் ஆண்மை மாத்திரை தேடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

மூன்றாவது எதிரி மது. "கொஞ்சம் குடித்தால் தெம்பு வரும்" என்பது பொய். அதிகமாகக் குடிப்பவரின் விரைகளும் கெடுகின்றன. கல்லீரலும் கெடுகிறது. பல குடிகாரர்களுக்குப் பெண்ணைப் போல மார்பு பெருப்பது இதனால்தான்.

என்ன சாப்பிடலாம்?

"சரி, சாப்பாட்டில் என்ன செய்யலாம்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள்.

சுரப்பைத் தூக்கி நிறுத்தும் மந்திர உணவு எதுவும் இல்லை. ஆனால் உடம்பு தன் வேலையைத் தானே செய்துகொள்ளச் சில சரக்குகள் வேண்டும். அவை எல்லாம் நம் கடைத்தெருவில் கிடைக்கின்றன.

முட்டை சாப்பிடலாம். டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பில் இருந்துதான் உண்டாகிறது. ஆகவே, கொழுப்பை அடியோடு ஒதுக்குவதும் தவறு.

மீன் சாப்பிடலாம். மத்தி, அயிலை போதும். விலை உயர்ந்த மீன்தான் வேண்டும் என்பது இல்லை.

சைவர்களுக்குக் கொண்டைக்கடலை, மொச்சை, பாசிப்பயறு, வேர்க்கடலை, எள் இருக்கின்றன. துத்தநாகமும் புரதமும் இவற்றில் உண்டு. பயறை ஊற வைத்து முளை கட்டிச் சாப்பிட்டால், துத்தநாகம் உடம்பில் நன்றாகச் சேரும்.

முருங்கைக் கீரையும் நல்ல உணவு. அதை "ஆண்மைக் கீரை" என்று சொல்லி மாத்திரையாக விற்பதைத்தான் நம்ப வேண்டாம். வீட்டு மரத்தில் பறித்துப் பொரியல் செய்தால் போதும்.

சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று ஒரு புரளி இருக்கிறது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. பயப்பட வேண்டாம்.

அளவான வெயில், வேகமான நடை, வாரம் சில நாள் தண்டால், பஸ்கி. இவற்றோடு ஏழு மணி நேரத் தூக்கம். இதுதான் முழு லேகியம்!

சட்டம் என்ன சொல்கிறது?

பொய் விளம்பரங்களைத் தடுக்க நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. பழைய சட்டம்.

1954-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. மருந்து, மந்திர வைத்தியம் ஆகியவற்றின் ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. தாம்பத்திய சக்தியைக் கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை என்று அதில் எழுதினார்கள்.

வைத்திய வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1959-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்று கோர்ட்டு கூறியது. மற்றவை செல்லும் என்று கூறிவிட்டது.

2018-ல் இன்னொரு விதி வந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மருந்துகளை விளம்பரம் செய்வதற்கு முன்பே மாநில அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றது அந்த விதி. 2024 ஜூலையில் மத்திய அரசு அந்த விதியை நீக்கியது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கையே முடித்துவிட்டது.

முடிவு என்ன? முன் அனுமதி என்ற வேலி போயிற்று. விளம்பரம் வந்த பிறகு தண்டிக்கும் 1954-ம் ஆண்டுச் சட்டம் என்ற வேலிதான் மிச்சம். சுவரில் ஒட்டும் நோட்டீசுக்காகவும், பத்திரிகைக்காகவும் செய்த வேலி அது. ஒரு நொடி தோன்றி மறு நொடி மறையும் செல்போன் விளம்பரத்தை அது எப்படிப் பிடிக்கும்?

வியாபாரிகளுக்கு இன்னொரு சந்தும் இருக்கிறது. "இது மருந்து அல்ல, உணவு" என்று சொல்லிவிடுவது! சத்து மாத்திரைகள் உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு இருக்க வேண்டும். அது விதி. பெரிய எழுத்தில் சிங்கம். பொடி எழுத்தில் உண்மை. ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

சிலருக்கு உண்மையாகவே டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கும். விரையில் அடிபட்டு இருக்கலாம். பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம். பிறவிக் குறையாகவும் இருக்கலாம். இவர்களுக்கு மருந்து தேவை. அதில் வெட்கம் இல்லை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும். காலை 10 மணிக்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டு தடவையும் குறைந்து, உடம்பில் அறிகுறியும் இருந்தால்தான் அது நோய். களைப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ரத்தசோகையாலும் களைப்பு வரும். தைராய்டு கோளாறாலும் வரும். மனக் கவலையாலும் வரும்.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. முதலில் அங்கே போய் டாக்டரைப் பாருங்கள். எந்தப் பரிசோதனை எங்கே செய்ய வேண்டும் என்று அவர் சொல்வார்.

கடைசியாக, தாய்மார்களும் மனைவிமார்களும் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

திருமணம் ஆகி இரண்டு வருடம் குழந்தை இல்லை என்றால், நம் வீடுகளில் யாரைக் கேட்கிறார்கள்? மருமகளைத்தான்! அவளைக் கோவிலுக்கு அழைத்துப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். ஊசி போடுகிறார்கள். மகனை யாரும் ஒரு வார்த்தை கேட்பது இல்லை.

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் உண்டு என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை. அந்த மகன் ஜிம்மில் ரகசியமாக ஊசி போட்டுக்கொள்கிறவனாக இருந்தால்? அவன் கை பருத்துக்கொண்டே போகும். அவன் மனைவி பழியைச் சுமந்துகொண்டே இருப்பாள்.

மாமியார்மார்களே! மருமகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, மகனையும் கூட அழைத்துப் போங்கள். ஆண்களுக்கான பரிசோதனை எளிது. ஊசி இல்லை, கத்தி இல்லை. அதை முதலிலேயே செய்துவிட்டால் ஒரு பெண்ணின் கண்ணீர் மிச்சமாகும்.

வாலிபத் தம்பிகளே! இன்று இரவு ரெயிலை விட்டு இறங்கியதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்குப் போங்கள். சூடாகச் சாப்பிடுங்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். விளக்கை அணையுங்கள்.

டப்பாவுக்குக் கொடுக்க இருந்த பணத்தை அம்மாவிடம் கொடுங்கள். மாதம் முழுவதும் வீட்டில் எல்லோருக்கும் முட்டையும் கடலையும் வாங்க அது போதும்!